பாறு பறப்பதும் விழுவதும் ஒரு நொதியின் கையில்!

மசினகுடிக்கு வருகிற எல்லோருடைய கண்ணும் தரையில்தான் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, ஜீப் பிடித்து, புதருக்குள் யானை நிற்கிறதா, புலி படுத்திருக்கிறதா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள்! வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலே கிளம்பும் நேரத்தில், சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் வட்டமிட்டபடியே ஏறிப்போகும் கரிய பெரும் பறவை கண்ணில் பட்டால் அன்று உங்களுக்குப் பொன்னாள். அதுதான் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்கிற, காட்டையும் ஊரையும் சுத்தமாக வைத்திருக்கிற பறவை.

அது மேலே பறப்பதும் கீழே விழுவதும் எதைப் பொறுத்திருக்கிறது தெரியுமா? ஒரு நொதியை! நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் உட்கார்ந்து வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிற நொதி. அதை அடக்குவதற்காக மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறின் வயிற்றுக்குள் போய், அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, இந்தியாவின் வானத்தையே காலி செய்தது. இந்தக் கதையின் மேடையைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. வாருங்கள், உள்ளே போவோம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே ஊட்டியில் கம்பளிக் குளிர், தேயிலைப் பச்சை. கீழே சீகூர்ப் பீடபூமியில் மழை மறைவுப் பிரதேசத்தின் முள்காடு, காய்ந்த புல், மான் கூட்டம். அதை ஒட்டி மோயாறு மலையைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. சிறியூர், ஆனைகட்டிப் பக்கம் இந்தக் கூடுகள் உண்டு. தென்னிந்தியாவில் பாறுகள் இத்தனை திரளாகக் குஞ்சு பொரிக்கும் இடம் வேறு இல்லை. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நான்கு வகையையும் இந்த ஒரே நிலத்தில் பார்க்கலாம் என்பதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

எத்தனை இருக்கின்றன? 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து ஒரே நாட்களில் எண்ணியபோது கிடைத்த கணக்கு 246. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி எண்ணியபோது 320. ஏன் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும்? பாறுக்கு மாநில எல்லை தெரியாது. காலையில் முதுமலையில் எழுந்து மதியம் பந்திப்பூரில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடும். தனித்தனியாக எண்ணினால் ஒரே பறவையை இரண்டு மாநிலங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளும். அதனால் பாறைமுகடுகளிலும் ஆற்றோரங்களிலும் ஆட்கள் ஒரே மணியில் உட்கார்ந்து, எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தத் திசைக்குப் போனது என்பது வரை குறித்துக்கொள்கிறார்கள்.

320 என்றதும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் 1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன! அந்த வீழ்ச்சியை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் மரக்கிளையில் தலையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்து செத்து விழுந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் போய்விட்டன என்று பின்னால் கணக்கு வந்தது. ஆயிரத்தில் ஒன்று மிச்சம்.

வைரஸ் என்றார்கள். பூச்சிமருந்து என்றார்கள். உணவுப் பஞ்சம் என்றார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோதோ, பெரும்பாலானவற்றில் ஒரே காட்சி. கல்லீரல் மேல், இதயத்தின் மேல், சிறுநீரகத்தின் மேல் வெள்ளை வெளேரென்று மாவு படிந்திருந்தது. யூரிக் அமிலப் படிகங்கள்! சிறுநீரகம் நின்றுபோனதால் வெளியேற முடியாத கழிவு உடம்புக்குள்ளேயே உறைந்துவிட்டிருந்தது. உள்ளுறுப்பு கவுட் என்று இதற்குப் பெயர்.

அமெரிக்கக் கால்நடை நோயியல் நிபுணர் லிண்ட்சே ஓக்ஸும் அவர் குழுவும் பாகிஸ்தானில் இறந்த வெண்முதுகுப் பாறுகளின் சிறுநீரகங்களைச் சோதித்தார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு சுத்தமான முடிவு அபூர்வம். கவுட் வந்து செத்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 25-க்கு 25, 13-க்கு 0! 2004-இல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. டைக்ளோஃபெனாக் யார்? நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் அதே வலி மாத்திரைதான். 1970களில் சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனம் மனிதர்களின் மூட்டுவலிக்காகக் கொண்டுவந்தது, பிற்பாடு மலிவாகி நம் மாடுகளுக்கும் ஊசியாக வந்து சேர்ந்தது.

மாட்டின் முட்டிக்குள்

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வருகிறோம். சீகூர்ப் பக்கத்தில் பாலுக்காக வளர்த்த மாடுகளைவிடச் சாணத்துக்காக வளர்த்த பட்டி மாடுகள் ஒரு காலத்தில் அதிகம். அந்தச் சாணம் லாரி ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குப் போகும். அப்படி ஒரு மாடு கல்லில் இடறி முட்டி வீங்கி நொண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது வீக்கம் மட்டும். உள்ளே என்ன நடக்கிறது?

காயம்பட்ட இடத்தில் ஏற்கெனவே காவல் இருக்கும் பெருவிழுங்கு செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றுக்குள் பாஸ்போலிபேஸ் என்ற நொதி, செல்லின் சொந்தச் சுவரிலிருந்தே அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்புத் துண்டை வெட்டி எடுக்கிறது. அடுத்து வருகிறார் நம் கதாநாயகர்: சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாகக் காக்ஸ். இந்த நொதியின் நடுவில் நீளமான ஒரு சுரங்கம் இருக்கிறது. அராக்கிடோனிக் அமிலம் அதற்குள் நுழைகிறது, இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெற்றுக்கொண்டு, மடங்கி, வேறு உருவத்தில் வெளியே வருகிறது. அதிலிருந்துதான் புரோஸ்டாகிளாண்டின்கள் பிறக்கின்றன. அவை ரத்தக்குழாயை விரிக்கின்றன, இடம் சூடாகிறது, சிவக்கிறது, நரம்பு கூர்மையாகி வலி கூடுகிறது. இந்த வேலையைச் செய்யச் செய்யக் காக்ஸ் தன்னையே செயலிழக்கச் செய்துகொள்கிறது என்பதை முதலில் படித்தபோது நான் அந்தப் பத்தியை மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை முடிந்ததும் தானே அணைந்துவிடும் நொதி! வீக்கம் ஒரு கட்டத்தில் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காக்ஸில் இரண்டு வகை. ஒன்றாவது வகை பெரும்பாலான திசுக்களில் எப்போதும் வேலையில் இருக்கும். இரண்டாவது வகையை நோயெதிர்ப்பு அணுக்கள் ஆபத்து வரும்போது அவசரமாகத் தயாரித்துக்கொள்ளும்.

பெருவிழுங்கு செல்கள் தனியாக வேலை செய்வதில்லை. அவற்றிலுள்ள இன்னொரு நொதி, அதே அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து லியூக்கோட்ரையீன் என்ற அழைப்பாணையைத் தயாரித்து அனுப்ப, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அவை கையோடு கொண்டுவரும் ஆயுதம் மைலோபெராக்சிடேஸ். இந்த நொதி உப்பிலுள்ள குளோரைடை எடுத்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்கிறதே, அதே பொருள்! நம் உடம்பு அதைக் காயத்துக்குள்ளேயே தயாரிக்கிறது. 1941-இல் ஸ்வீடனின் ஷெல் அக்னர் இந்த நொதியைப் பிரித்தெடுத்தபோது அது பச்சையாக இருந்தது. சீழுக்கு ஒரு பச்சைச் சாயல் வருகிறதே, அது இந்த நொதியின் நிறம்.

இங்கே ஒரு சின்ன விலகல், மன்னிக்க வேண்டும், சொல்லாமல் போக மனம் வரவில்லை. பறவைகளுக்கு நியூட்ரோஃபில் இல்லை! அதன் இடத்தில் ஹெட்டரோஃபில் என்ற அணு இருக்கிறது, அதில் மைலோபெராக்சிடேஸ் கிடையாது. அதனால்தான் கோழிக்குக் கட்டி வந்தால் சீழ் ஒழுகாது, பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாக உறைந்து நிற்கும். கோழி வளர்ப்பவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். பறவையின் உடலை மாட்டின் உடலுடைய சின்ன நகல் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இது முதல் சாட்சி. இரண்டாவது சாட்சி, சிறுநீரகம். அங்கேதான் போகிறோம்.

அதற்கு முன் மாட்டுக்கு ஊசி போட வேண்டும். வலி மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று 1971 வரை யாருக்கும் தெரியாது. ஆஸ்பிரின் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் நிறுத்துகிறது என்று அந்த ஆண்டு லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு. டைக்ளோஃபெனாக்கும் அதே சுரங்கத்தை அடைக்கிற மருந்துதான், ஆனால் உட்காரும் விதம் விசித்திரம். இந்த வகை மருந்துகள் பலவும் தங்கள் அமில முனையைச் சுரங்க வாசல் பக்கம் வைத்துப் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக் தலைகீழாக நுழைந்து, அமில முனையைச் சுரங்கத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் மார்னெட்டின் குழு 2003-இல் இதைக் காட்டியது. சரியாக அந்த நேரத்தில் ஓக்ஸ் பாகிஸ்தானில் பாறுகளை அறுத்துக்கொண்டிருந்தார். ஒரே மருந்தை இரண்டு கோடியிலிருந்து இரண்டு குழுக்கள் துரத்திக்கொண்டிருந்தன!

விருந்தும் விஷமும்

ஊசி போட்ட மாடு வேறு காரணத்தால் மூன்று நாளுக்குள் செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அதிகமாக. காட்டோரத்தில் போட்ட உடலை வானத்திலிருந்து ஒரு பாறு கண்டுகொள்ளும். அது இறங்குவதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று. பாறின் வயிற்று அமிலம் அபாரமான வீரியமுள்ளது, அழுகிய இறைச்சியிலுள்ள பயங்கரக் கிருமிகளையும் கரைத்துவிடும். டைக்ளோஃபெனாக்கை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அளவைக் கேட்டால் அதிர்ந்துவிடுவீர்கள். ஒரு கிலோ எடைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் வரை போதும், உண்ட பாறுகளில் பாதி செத்துவிடும். ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள பறவைக்கு அது ஒரு மில்லிகிராமைத் தாண்டாது. நாம் விழுங்குகிற சாதாரண டைக்ளோஃபெனாக் மாத்திரை 50 மில்லிகிராம்! அதைவிடப் பெரிய அதிர்ச்சி: பாறுகள் தின்னும் உடல்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே போதும், இனம் முழுவதும் இந்த வேகத்தில் அழிந்துவிடும் என்று 2004-இல் ரைஸ் கிரீன் குழுவினர் கணக்கிட்டுச் சொன்னார்கள். கூட்டமாகச் சாப்பிடும் பழக்கம் ஒரே உடலிலிருந்து பல பறவைகளுக்கு மரணத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. ஜோடிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை என்கிற பறவை இந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

சரி, சிறுநீரகத்துக்குள் என்ன நடந்தது? நாம் புரதக் கழிவை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைகள் யூரிக் அமிலமாக்குகின்றன. அந்த வெள்ளை எச்சம் அதுதான். யூரிக் அமிலம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சிறுநீரகக் குழாய்களின் சுவரிலுள்ள செல்கள் அதை ஓயாமல் இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரம் அவை ஓய்ந்தாலும் படிகம் விழத் தொடங்கிவிடும்.

அந்தச் செல்கள் ஏன் ஓய்ந்தன என்பதில்தான் இரண்டு கட்சிகள். முதல் விளக்கம் 2005-இல் கேரல் மெட்டேயர் குழுவிடமிருந்து வந்தது. பறவைச் சிறுநீரகத்துக்குக் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரும் சிரை ரத்தம் தனியாக ஒரு பாதையில் போகும். அந்தப் பாதையில் ஒரு வால்வு, வயலுக்கு நீர் விடும் மடை மாதிரி, திறந்தும் மூடியும் ரத்தத்தைப் பகிர்ந்துகொடுக்கிறது. அதைக் கட்டுப்படுத்துவதில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்கு உண்டு என்றால், மருந்து காக்ஸை அடைத்ததும் மடை தடுமாறும், குழாய்ச் செல்களுக்கு ரத்தம் கிடைக்காமல் அவை செத்துவிடும். வீக்கத்தை உண்டாக்கும் அதே நொதிதான் சிறுநீரகத்துக்கு ரத்தம் பாயவும் காவல் என்கிறது இந்த விளக்கம். அழகான விளக்கம்!

ஆனால் ஒரு முள் குத்துகிறது. மெலாக்சிகாம் என்ற மருந்தும் காக்ஸை அடைக்கிறதுதான். அதைத் தின்ற பாறுகள் சாகவில்லை. 2006-இல் ஜெரி ஸ்வானும் வினி நாயுடுவும் இன்னும் பலரும் சேர்ந்து தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தே இதை உறுதிசெய்தார்கள். காக்ஸ் மட்டும் குற்றவாளி என்றால் இவையும் செத்திருக்க வேண்டுமே?

நாயுடுவும் ஸ்வானும் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் சிறுநீரகக் குழாய்ச் செல்களைத் தனியாக வளர்த்துச் சோதித்து 2009-இல் இரண்டாவது விளக்கத்தைக் கொண்டுவந்தார்கள். டைக்ளோஃபெனாக் குழாய்ச் செல்லுக்குள் ஆக்சிஜன் நச்சுப்பொருள்களைப் பெருகவைத்துச் செல்லைச் சிதைக்கிறது, யூரிக் அமிலத்தை இறைக்கும் வேலையையே முடக்குகிறது. அதோடு நேரம் என்ற விஷயம். மெலாக்சிகாமைப் பாறின் உடல் விறுவிறுவென்று சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. டைக்ளோஃபெனாக் பல மணி நேரம் தங்கி உட்கார்ந்துவிடுகிறது. என் மனம் இந்த இரண்டாவது விளக்கத்தின் பக்கம்தான் சாய்கிறது. மெலாக்சிகாம் புதிரை அதுதான் நேராகச் சந்திக்கிறது. ரத்த ஓட்டத்துக்குப் பங்கே இல்லை என்று நான் கதவைச் சாத்திவிடவும் மாட்டேன்.

இன்னொரு விந்தை! அமெரிக்காவின் வான்கோழிப் பாறு என்ற பறவையும் பிணந்தின்னிதான். நம் பாறுகளைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்குக்கு மேல் டைக்ளோஃபெனாக் கொடுத்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பெயரும் தொழிலும் ஒன்று. உடம்புக்குள் இருக்கும் மருந்துச் சிதைப்பு வேலை வேறு. ஒரு பறவையில் பாதுகாப்பானது இன்னொன்றிலும் பாதுகாப்பானது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் சிறுநீரகத்துக்குள்ளும் ஒரு எட்டு

யூரிக் அமிலம் பாறோடு நிற்கிற விஷயமா? கால் கட்டைவிரல் மூட்டு திடீரென்று நெருப்பாக எரியும் கவுட் நோயில் நம் உடம்பிலும் அதே படிகங்கள்தான். பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிகேஸ் நொதி இருக்கிறது. மனிதக் குரங்குகளும் நாமும் பரிணாமப் பாதையில் அதைத் தொலைத்துவிட்டோம். படிகத்தை விழுங்கிய பெருவிழுங்கு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை 2006-இல் சுவிட்சர்லாந்தில் யூர்க் சோப் குழு கண்டுபிடித்தது. செல்லுக்குள் புரதங்கள் ஒன்றாகக் கூடி ஓர் எச்சரிக்கை மையமாகின்றன, அது காஸ்பேஸ்-1 என்ற நொதியை எழுப்பிவிடுகிறது, அந்த நொதி உறங்கும் ஒரு சமிக்ஞைப் புரதத்தை நறுக்கி உயிர்கொடுக்கிறது. அது வெளியே போய்க் காய்ச்சலையும் வீக்கத்தையும் பற்றவைக்கிறது. ஒரே ஒரு வெட்டு, ராத்திரி முழுக்கத் தூக்கம் போய்விடுகிறது!

காக்ஸ் கதைக்கும் நம்மிடம் ஒரு பின்கதை உண்டு. இரண்டாவது வகைக் காக்ஸ் வீக்கம் வரும்போது மட்டும்தான் தோன்றும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதே வாண்டர்பில்ட்டில் ரேமண்ட் ஹாரிஸ் குழு 1994-இல் எலியின் சிறுநீரகத்தைப் பார்த்தபோது, எந்த நோயும் இல்லாமலே அது அங்கே உட்கார்ந்திருந்தது. எங்கே? சிறுநீரகத்துக்குள் எவ்வளவு உப்பு வருகிறது என்று மோப்பம் பிடிக்கும் செல்கள் இருக்கும் மூலையில்! உடம்பில் நீர் வற்றும்போது, ரத்த அழுத்தம் சரியும்போது, வடிகட்டிகளுக்குப் போகும் குழாய் சுருங்கிவிடாமல் புரோஸ்டாகிளாண்டின்தான் திறந்து வைத்திருக்கிறது. வாந்தி பேதியில் துவண்ட உடம்போடு, அல்லது வெயிலில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பை நாமே பறிக்கிறோம். சிறுநீர் குறைந்து, சிலருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும். வயதானவர்களுக்கும் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்.

காயம்பட்ட சிறுநீரகம் மீள்வதற்கும் நோயெதிர்ப்பு அணுக்களின் நொதிகள்தான் கைகொடுக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யேல் பல்கலைக்கழகத்தில் 2011-இல் எலிகளின் சிறுநீரகத்துக்கு ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி மறுபடி விட்டுப் பார்த்தார்கள். முதல் ஓரிரு நாட்களில் வந்த பெருவிழுங்கு செல்கள் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியோடு ஆவேசமாக இருந்தன, சேதத்தைக் கூட்டின. சில நாட்கள் கழித்துப் பார்த்தால் பெருவிழுங்கு செல்களிடம் ஆர்ஜினேஸ் என்ற வேறொரு நொதி மேலோங்கி இருந்தது, குழாய்ச் சுவர்கள் திரும்ப வளர்ந்துகொண்டிருந்தன! இரண்டு நொதிகளும் சாப்பிடுவது ஆர்ஜினைன் என்ற ஒரே அமினோ அமிலத்தைத்தான். ஆவேசமாக வந்து இறங்கிய அதே செல்கள் சிறுநீரகத்துக்குள்ளேயே குணம் மாறிப் பழுதுபார்க்கத் தொடங்குகின்றன என்பதையும் அந்தக் குழு காட்டியது. அழற்சியை ஒட்டுமொத்தமாக அடக்குவது எப்போதும் நல்லதில்லை என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னணி இதுதான்.

திரும்ப மசினகுடிக்கு

2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. அதனால் 2015-இல் மனிதர்களுக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி சின்னக் குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாட்டுக்குப் போட வேண்டுமானால் பல குப்பிகளை உடைக்க வேண்டும், கட்டுப்படியாகாது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்றாக வைப்பேன்.

டைக்ளோஃபெனாக் போனதும் அதன் உறவினர்கள் வந்தார்கள். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது! கீட்டோபுரோஃபென் தனியாகவே பாறுகளைக் கொல்லும். இரண்டையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். நிமசுலைடைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது 2024 டிசம்பர் இறுதியில். செத்த பாறுகளின் திசுக்களில் நிமசுலைடைக் கண்டுபிடித்துக் காட்டியதில் கோவை ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்துக்குப் பங்கு உண்டு. அவர்களுடைய ஆய்வகத்துக்கு வந்துசேரும் ஒவ்வொரு சின்னத் திசுத் துண்டுக்கும் நான் மனதாரக் கைகூப்புகிறேன்.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இந்த வேலையை ஊர் ஊராகக் கொண்டுபோனது, பாறுகளைக் காக்கப் பாடுபடும் பாரதிதாசனின் 'அருளகம்' அமைப்பு. மாடு வளர்ப்பவர்களிடம், மருந்துக் கடைகளில், பள்ளிகளில் பேசிப் பேசி எந்த ஊசி கூடாது, எதைப் போடலாம் என்று விளக்கியிருக்கிறார்கள். கூடுகளைக் கண்காணிப்பதில் பழங்குடி மக்களின் கண்ணும் காலும் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இந்தப் பறவை இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2024-இல் பொருளியலாளர்கள் ஏயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் விடை சொல்லிவிட்டார்கள். பாறுகள் மறைந்த மாவட்டங்களில் அழுகிய உடல்கள், மாசுபட்ட தண்ணீர், பெருகிய தெருநாய்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்பது அவர்கள் கணக்கு.

மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம், ஆனைகட்டி, சிறியூரில் மாடு வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மாட்டுக்கு வீக்கமோ மடிநோயோ வந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள், கடையில் "அண்ணே, மெலாக்சிகாம் குடுங்க" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். டோல்ஃபெனாமிக் அமிலமும் பாறுக்குப் பாதுகாப்பானது என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. வேறு வலி ஊசி போட்ட மாடு சில நாளில் செத்தால் அதைக் காட்டில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புலி அடித்த மாட்டில் கோபத்தில் விஷம் வைக்காதீர்கள், வனத்துறையிடம் சொல்லி இழப்பீடு கேளுங்கள். சுற்றுலா வருகிறவர்கள் ஒரு தரம் வானத்தைப் பாருங்கள், வட்டமிடும் பாறுகளைக் கண்டால் வனத்துறையினரிடம் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். வலி மாத்திரையை வாரக்கணக்கில் நீங்களாக வாங்கிப் போடுகிறவராக இருந்தால், அடுத்த அட்டையை வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள்.